உடைந்த சாவியின் மறுபாதி

ஆளைக் காணோம் என்றால் எல்லாரும் முதலில் போலீசிடம்தான் போவார்கள். அங்கே பெஞ்சைத் தேய்த்து அலுத்த பிறகுதான் என் பூட்டுக் கடை ஞாபகம் வரும். அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

காலை எட்டே முக்கால். மருமகள் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தாள். என் மகன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து கடையில் சாவி வெட்டும் மெஷினை அவள்தான் ஓட்டுகிறாள். மெஷின் நின்றாலும் நிற்கும், அவள் வாய் நிற்காது.

குனிந்து உள்ளே வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் வந்தவர் தோட்டக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். இஸ்திரி போட்ட சட்டை, அக்குளில் ஃபைல். காலையிலேயே இஸ்திரிச் சட்டை போட்டவனை நான் நம்புவதில்லை. பின்னால் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு சாப்பாட்டுப் பை.

"எங்கம்மாவைக் காணோம்," என்றாள். "முதல் வட்டம், பதினேழாம் நம்பர். சுகருக்கு ஊசி போடறவங்க. ஆறேகாலுக்கு ஊசி போட்டுக்கிட்டாங்க. போட்டா அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும். சாப்பிடல. சுகர் இறங்கிட்டே போகும். இன்னும் ஒரு மணி நேரம் போச்சுன்னா..."

சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"போன்ல சொல்லியாச்சு, ஆள் அனுப்பறாங்களாம்," என்றார் செயலாளர். "நான்தான் இந்தம்மாவைத் தனியா விடாம கூடவே இருக்கேன். உங்ககிட்டதான் வரணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. டாக்டர் வீட்டுல தொலைஞ்ச பெட்டியைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே?"

"பெட்டியை எங்க கண்டுபிடிச்சேன்? எடுத்தவன் மூஞ்சியைப் பாத்தேன். அவ்வளவுதான்."

அந்தப் பெண் தன் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் என் கண்ணுக்கு நேராக வைத்தாள். அதில் ஒரு சாவி பாதியில் முறிந்திருந்தது. முறிந்த சாவி என் கடைக்கு வருவது, முடிவெட்டுகிற கடைக்கு முடி வருவது மாதிரி. அதில் என்ன அதிசயம்? நான் கொத்தை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"பத்திரமா வச்சுக்குங்க. இதையும் தொலைச்சிடாதீங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

செயலாளரின் கார் முன்னால் போக, நான் கருவிப் பையோடு மருமகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன்.

"மாமா, இறுக்கிப் பிடிச்சுக்குங்க. நீங்க விழுந்தீங்கன்னா உங்க புள்ளைக்கு நான் பதில் சொல்லணும்."

"நீ ரோட்டைப் பாரு."

"ரோடு எங்கயும் ஓடிடாது. அந்தப் பொண்ணு கையில இருந்த பையைப் பாத்தீங்களா? அம்மாவைக் காணோம்னு அலையறவ எதுக்குச் சாப்பாட்டைத் தூக்கிட்டு அலையறா?"

"கிடைச்ச உடனே குடுக்கத்தான்."

"எங்க கிடைப்பாங்கன்னு தெரிஞ்சாத்தானே மாமா சூடா கட்டிக்கிட்டு வருவாங்க?"

என் சந்தேகமெல்லாம் முன்னால் போகிற காரின் மேல்.

அந்தக் குடியிருப்பைக் காகிதத்தில் போட்டவன் கையில் காம்பஸைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது. நாலு வட்டம், வட்டத்துக்கு அறுபது வீடு. எல்லாக் கதவும் ஒரே பச்சை. செடிவேலி இடுப்புக்கு மேலே ஒரு விரல் வளர்ந்தாலும் சங்கத்திலிருந்து கடிதம் வரும். நடுவில் பொதுப் புல்வெளி, தாமரைக் குளம், கூட்ட மண்டபம், படிப்பகம், ஏணியும் மண்வெட்டியும் இரவல் கொடுக்க ஒரு அறை. நீச்சல் குளம்கூட உண்டு. வாசலில் கேமரா என்று ஒரு டப்பா. அதற்குள் குருவி கூடு கட்டியிருந்தது.

அறிவிப்புப் பலகை முன்னால் மருமகள் வண்டியை நிறுத்தினாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். அவள் படித்துச் சொன்னாள்.

"இன்னிக்கு பத்து மணிக்குக் கூட்டம். புல்வெளியில பாதியை எடுத்து ஆஸ்பத்திரி கட்டறாங்களாம். எல்லா வீடும் கை தூக்கினாத்தான் செல்லுமாம். ஒரு வீடு தூக்கலைன்னாலும் ஒரு வருஷத்துக்குப் பேச்சே கிடையாது. வீட்டுக்காரங்க வரலைன்னா வாரிசு தூக்கலாம்."

பக்கத்தில் வந்து நின்ற செயலாளரிடம் கேட்டேன். "மாட்டேன்னு எத்தனை வீடு?"

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "டீச்சர் வீடு. கணக்கு டீச்சரா இருந்தவங்க. அந்தப் புல்லுல வெறுங்காலோட நடக்கறதுதான் அவங்களுக்கு வைத்தியமாம். ஊருக்கே ஆஸ்பத்திரி வேணும், அவங்க ஒருத்தர் மட்டும் வழிமறிச்சு நிக்கறாங்க."

"இன்னிக்குப் பாத்து அவங்களைக் காணோம்."

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"சொல்ல வரல. எண்ணிப் பாத்தேன்."

மருமகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

குளக்கரையில் ஐம்பது பேர் இருந்தார்கள். இரண்டு பேர் இடுப்பளவு நீரில் கழியால் துழாவினார்கள். தோட்டக்காரர் மோட்டார் போட்டு நீரை இறைத்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை, மோட்டாரைத் தவிர. நீர் ஒரு அங்குலம் இறங்க இறங்க எல்லார் கழுத்தும் ஒரு அங்குலம் நீண்டது.

புல்வெளி ஓரத்தில் செருப்பு வைக்கிற மரத்தட்டு. அதில் ஒரு ஜோடி கறுப்புத் தோல் செருப்பு.

"டீச்சரோடது," என்றார் செயலாளர். "ஏழு மணிக்கு நாங்க பாக்கறப்ப இங்கதான் இருந்துச்சு. ஊசி போட்டுக்கிட்டு, ஆறரைக்கு நடக்க வந்திருக்காங்க. தலை சுத்தி, குளத்துல..."

நான் குனிந்து பார்த்தேன். மரத்தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளி. தட்டைத் தாங்கிய கம்பியிலும் வெள்ளைப் புள்ளி. அந்த இடத்துப் போர்வெல் தண்ணீர் என் பழைய பகையாளி. ஒரு சொட்டு காய்ந்தாலும் சுண்ணாம்பு பூக்கும். பூட்டுக்குள் போனால் அடைத்தே விடும். செருப்பை எடுத்து வெயிலில் திருப்பினேன். கறுப்புத் தோல், கண்ணாடி மாதிரி சுத்தம்.

"தோட்டக்காரரே! இங்க தண்ணி தெளிக்கறது எப்ப ஓடும்?"

"ஆறு மணிலேருந்து ஆறே முக்கால் வரைக்கும்ங்க. தட்டு மேலயெல்லாம் அடிக்கும்."

"ஆறரைக்கு இந்தச் செருப்பு இங்க இருந்திருந்தா?"

அவர் செருப்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "புள்ளி விழுந்திருக்கணும்," என்றார் மெதுவாக. "டீச்சர் அந்த நேரத்துல வரவும் மாட்டாங்க. சாப்பிட்டுட்டு ஏழரைக்குத்தான் வருவாங்க. வந்ததும் முதல் வேலையா என்னைத் திட்டுவாங்க. இன்னிக்குத் திட்டு விழல. அப்பவே மனசு கேக்கல."

"மோட்டாரை நிறுத்துங்க. அவங்க குளத்துல இல்ல. தண்ணி நின்னப்புறம் யாரோ செருப்பை மட்டும் கொண்டுவந்து வச்சிருக்காங்க."

கூட்டம் ஒரே குரலில் பேச ஆரம்பித்தது. செயலாளர் ஃபைலால் விசிறிக்கொண்டார். வேர்வை. இஸ்திரி கலைந்தது. மாட்டினான் என்று நினைத்தேன்.

மருமகள் என் காதில் குசுகுசுத்தாள். "அவரை முறைக்கறதை விடுங்க மாமா. அவர் பத்து மணிக் கூட்டத்தை நினைச்சு வேர்க்கறார். அந்தப் பொண்ணைப் பாருங்க. ஊரே குளத்தைப் பாக்குது. பெத்த பொண்ணு ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பல. எந்நேரமும் கடிகாரத்தைப் பாக்கறா, இல்லைன்னா அந்த ரோட்டைப் பாக்கறா."

அந்த ரோடு நாலாம் வட்டத்துக்குப் போகிறது.

நானும் அந்த ரோட்டைப் பார்த்தேன். ஆனாலும் முறையாகப் போக வேண்டும். "டீச்சர் வீட்டுப் பூட்டைப் பாக்கணும்," என்றேன்.

முதல் வட்டம் பதினேழில் கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. மேசையில் ஊசியின் மூடி, கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு. பூட்டின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். காலி.

"உங்க கொத்துல இருக்கற உடைஞ்ச சாவி இந்த வீட்டுதா?" என்று அவளைக் கேட்டேன்.

"ஆமா." கொத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"எப்ப உடைஞ்சது?"

"காலைல."

"இந்தப் பூட்டுல முனை இல்லையே. மறுபாதி எங்க?"

அவள் செயலாளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தண்ணீருக்குள் போகிறவள் கையை நீட்டுகிற மாதிரி ஒரு பார்வை.

"பெரியவரே, ஆளைத் தேட வந்தீங்களா, பூட்டு விக்க வந்தீங்களா?" என்று செயலாளர் கத்தினார். "மணி ஒன்பது இருபது!"

எனக்கு அவர் பேசியது காதில் விழவில்லை. எனக்கே வேர்த்துக் கொட்டியது. அந்த வீட்டுச் சாவி வேறு எந்தப் பூட்டுக்குள் நுழையும் என்பது இந்த உலகத்தில் எனக்கும் ஒரு மேஸ்திரிக்கும்தான் தெரியும் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன்.

இந்த இருநூற்று நாற்பது கதவுக்கும் பூட்டு மாட்டியது நான்தான். நாலு பெட்டியில் வந்தது, பெட்டிக்கு அறுபது. வட்டத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்து, வீட்டு நம்பரும் பூட்டு நம்பரும் ஒன்றாக இருந்தால் ஞாபகம் வைக்கச் சுலபம் என்று அப்படியே மாட்டினேன். கடைசி வட்டத்தில் வேலை முடிகிற நாளில்தான் பார்த்தேன், நாலு பெட்டியும் ஒரே அச்சு. முதல் வட்டத்துப் பதினேழின் சாவி மற்ற மூன்று பதினேழையும் திறக்கும். மேஸ்திரியிடம் சொன்னேன். "மாட்டினது மாட்டினதுதான், வாயை மூடிக்கிட்டுப் போ," என்றான். மூடிக்கொண்டு போனேன்.

"இன்னும் மூணு பதினேழு இருக்கு," என்றேன் மருமகளிடம். "ரெண்டாம் வட்டத்துல யாரு?"

"நம்மகிட்ட சாவி வெட்ட வருவாங்களே, ரெட்டைக் குழந்தை, ஒரு நாய். அங்க ஒரு எறும்பை ஒளிக்க முடியாது."

"மூணாம் வட்டத்துல?"

"அதைப் படிப்பகமா மாத்தியாச்சு," என்றார் செயலாளர் புரியாமல். "எட்டு மணிக்கே திறந்தாச்சு."

"நாலாவது?"

"பூட்டிக் கிடக்கு. வீட்டுக்காரர் வெளிநாடு போய் ரெண்டு வருஷம்."

நான் நடக்கவில்லை, ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் ஓடுவது என்றால் எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் அந்தப் பெண் ஓடினாள். வழி யாரும் சொல்லவில்லை. அவள் எங்கும் நின்று நம்பர் பார்க்கவில்லை.

அதே பச்சைக் கதவு. அதே இடுப்பளவு வேலி. எல்லா ஜன்னலும் கம்பி போட்டு உள்ளே அடைத்தது. பூட்டின் வாயில் பித்தளை பளபளத்தது. முறிந்த முனை. கதவில் காதை வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை.

அவள் கையிலிருந்த கொத்தை வாங்கிப் பாதிச் சாவியை முனையோடு ஒட்டிப் பிடித்தேன். முடி அளவு வித்தியாசம் இல்லை.

"மாமா," என்றாள் மருமகள். அவள் ஒரு வார்த்தையோடு நிறுத்தி நான் அன்றுதான் பார்த்தேன்.

செயலாளர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீங்களா? உங்க அம்மாவையா?"

அவள் அவரைக் கவனிக்கவே இல்லை. என் காலடியில் உட்கார்ந்தாள். "முதல்ல கதவைத் திறங்கய்யா. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க. அதுக்குத்தானே உங்களைத் தேடி வந்தேன். கண்ணு முன்னாடி வச்சேனே, நீங்க எடுத்து என் கையிலயே குடுத்துட்டீங்களே!"

நான் முட்டி போட்டேன். இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடில் தேய்த்து மெல்லிசாக்கின துண்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கும். பூட்டுக்குள் சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. அதனால்தான் சாவி முறிந்திருக்கிறது. எண்ணெய் விட்டேன். பிளேடின் பல்லை முனையில் மாட்டி இழுத்தேன். நழுவியது. மறுபடி மாட்டினேன். நழுவியது.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். யாரும் கேட்காமலே. "போன வருஷம் இருட்டுல வட்டம் மாறி இந்த வீட்டுக்கு வந்து, சாவியைப் போட்டேன், திறந்துக்கிச்சு. தப்பு வீடுன்னு உள்ள போனப்புறந்தான் தெரிஞ்சது. இன்னிக்கு, இந்த வீட்டுச் செடியெல்லாம் காயுதும்மா, வந்து பாருங்கன்னு கூட்டிட்டு வந்தேன். செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள போனாங்க. வெளிய பூட்டிட்டேன். கூட்டம் முடியற வரைக்கும்தான். டிபன் எடுத்துட்டு உடனே வந்துடலாம்னு போனேன். போற வழியில செருப்பை அங்க வச்சேன், நடக்கப் போயிருக்காங்கன்னு நினைச்சுக்கட்டும்னு. திரும்பி வந்தா சாவி உடைஞ்சு போச்சு. ஆளைக் கூப்பிடலாம்னு ஓடினா, அந்தச் செருப்பைப் பாத்துட்டு எல்லாரும் என்னைப் பிடிச்சு உக்கார வச்சு, குளத்தைக் காட்டி அழறாங்க. இவர் ஒரு நிமிஷம்கூட என்னைத் தனியா விடல."

"சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன அடைச்சிருந்துச்சு?" என்றேன். பிளேடை விடவில்லை.

"சொல்லலாம்னு ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தேன்."

முனை அரைக்கடுகு அளவு வெளியே வந்தது. குறட்டால் பிடித்து உருவினேன். மருமகள் தன் தலை கிளிப்பை ஏற்கனவே நிமிர்த்தி வைத்திருந்தாள். வாங்கி, வளைத்து, உள்ளே விட்டுத் திருகினேன். கதவு திறந்தது.

டீச்சர் கூடத்தில், ஒரு காய்ந்த பூந்தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து சரிந்திருந்தார். உடம்பு வேர்வையில் நனைந்து ஜில்லென்று இருந்தது. கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

மகள் தண்ணீர்ப் பாட்டிலோடு பாய்ந்தாள். மருமகள் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுல ஏறிடும்! எங்கம்மாவுக்கும் இதே கதைதான். பையில குளுக்கோஸ் இருக்கா?"

இருந்தது. மருமகள் விரலில் தொட்டு டீச்சரின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினாள். மறுபடி தடவினாள். செயலாளர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

தடவினாள். மறுபடி தடவினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை.

ஐந்து நிமிடமோ ஆறோ. முணுமுணுப்பு காதுக்கு எட்டுகிற மாதிரி ஆனது. "பதினேழு எட்டு... பதினேழு எட்டு..."

"நூத்தி முப்பத்தாறு," என்றாள் மருமகள்.

டீச்சர் கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தார். "தெரியும். தூங்கிடக் கூடாதுன்னு வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இருந்தேன். அதுல வந்து நின்னுபோச்சு."

மகள் சத்தம் போட்டு அழுதாள். மருமகள் டிபனைப் பிரித்து ஊட்டினாள். "மெதுவா டீச்சர். பரீட்சையெல்லாம் முடிஞ்சிருச்சு."

அதற்குள் பாதிக் குடியிருப்பு வாசலில் கூடிவிட்டது. செயலாளர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எல்லாம் சரி. முதல் வட்டத்துச் சாவி இந்தக் கதவை எப்படித் திறந்துச்சு?"

ஐம்பது முகம் என் பக்கம் திரும்பியது. ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அந்தப் பெண்ணை வாயில் என்ன அடைத்தது என்று கேட்டவன் நான்.

"பூட்டு மாட்டினவன் நான்," என்றேன். "வட்டம் நாலு, பெட்டி நாலு, அச்சு ஒண்ணு. உங்க சாவி மத்த மூணு வட்டத்துலயும் உங்க நம்பர் வீட்டைத் திறக்கும். அவங்க சாவி உங்க வீட்டைத் திறக்கும். முப்பது வருஷமா."

பின்னால் ஒருவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "என்னோடது நாப்பத்திரண்டு," என்று யாரிடமோ சொன்னார். சொல்லிவிட்டு ஓடினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். ஒரு அம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒரு நிமிடத்தில் வாசலில் செயலாளரும் தோட்டக்காரரும்தான் நின்றார்கள்.

"கூட்டம்! பத்து மணிக்குக் கூட்டம்!" என்று செயலாளர் கையை நீட்டிக் கூவினார். மண்டபத்தில் மணி அடித்தது. எவன் வருவான்? ரோடு முழுக்கச் சாவியும் கையுமாக அவனவன் அடுத்த வட்டத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். செயலாளர் மணிச்சத்தம் வந்த பக்கம் தனியாக நடந்து போனார்.

"ஒரு வருஷத்துக்குப் பேச்சு இல்ல," என்றார் டீச்சர். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"போன மாசம் நீங்க மயங்கி விழுந்தப்போ ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆச்சும்மா," என்றாள் மகள். "கார்ல உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, நாடி இருக்கா இருக்கான்னு பாத்துக்கிட்டே வந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாதும்மா. உங்களுக்காகத்தான்..."

"எனக்காகத்தான் என்னைப் பூட்டினியா?"

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கதவைத் தட்டினேன். உன் பேரைச் சொல்லிச் சொல்லித் தட்டினேன். நீ வெளிய நிக்கறது எனக்குத் தெரியும். சாவி உடைஞ்ச சத்தம் கேட்டுது. அப்புறம் நீ ஓடற சத்தமும் கேட்டுது."

மருமகள்கூட ஊட்டுவதை நிறுத்திவிட்டாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "என் வீட்டுக்கு இன்னிக்கே வேற பூட்டு போடுங்க. ஒரு சாவி போதும்."

நான் இந்த ஜென்மத்தில் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "உள்ள மயங்கி விழுந்தீங்கன்னா யாரு திறப்பாங்க?"

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தபடி, கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தாள்.

"சரி, ரெண்டு சாவி செய்ங்க," என்றார் டீச்சர். "ஒண்ணைத் தோட்டக்காரர்கிட்ட குடுங்க."